செல்லையாவின் மேஜைக்கடியில்

முதலில் ஊளைச் சத்தம். பிறகு வெடி. வாய்க்குள் பாறைத்தூள். "படுடா! கீழ படுடா!" செல்லையா கத்துகிறான். என் காலரைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த ஷெல் எங்கள் மலை எல்லைப் பங்கரின் வாசலிலேயே விழுந்தது. உள்ளே நான்கு பேர் இருந்தோம். புகை விலகியபோது அவனும் நானும் மட்டும். அவனுடைய இடது காதில் இரத்தம். அந்தக் காது அதன்பின் கேட்கவே இல்லை.

நன்றிக் கடனுக்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவன் மேல் பொறாமை. இன்றும் வயிறு எரிகிறது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தில்லியிலும் ஒரே குடியிருப்பு, மயூர் விஹாரில். அவன் கீழ்த்தளம். நான் மூன்றாவது மாடி. தீபாவளி எங்கள் இருவருக்கும் ஆகாது. வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு என்னைக் கேட்காமலே தரையில் விழும். கனடா போவதற்கு முன் என் மகன் ஒருமுறை அதைப் பார்த்தான். "அப்பா, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க." அதிலிருந்து தீபாவளியன்று கதவைப் பூட்டிக்கொள்கிறேன். கட்டிலுக்கடியில் கிடக்கிறேன். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தனியாகத்தான்.

செல்லையாவுக்கு மீனு இருந்தாள். மகன் வயிற்றுப் பேத்தி. பள்ளிக்கூட வேன் வரும்வரை அவள் பையைத் தானே சுமந்து நிற்பான். தலை பின்னிவிடுவான், ரைபிள் துடைத்த அதே கவனத்தோடு. வெடிச் சத்தம் கேட்டதும் அவள் கத்துவாள்: "தாத்தா, நீச்சே! ஜல்தி!" கீழே, சீக்கிரம் என்று இந்தியில். இருவரும் சாப்பாட்டு மேஜைக்கடியில் புகுந்துவிடுவார்கள். அவன் காதுகளை அவள் பொத்துவாள். கேட்காத காதையும் சேர்த்து. அங்கேயே உட்கார்ந்து முறுக்கு தின்பார்கள். சிரிப்பு மாடிவரை கேட்கும். ஒருமுறை என்னையும் கூப்பிட்டான். "வாடா, எடம் இருக்கு." எனக்கென்ன பயமா என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போனான். அந்தச் சாவும் அவனுக்குத்தான் வாய்த்தது.

குடியிருப்பின் முற்றத்தில் அவனைப் பாடையில் கிடத்தியிருந்தோம். வெளியே தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. பேண்டு. டோல் மேளம். பிறகு சரவெடி.

நான் விழுந்துவிட்டேன். சிமெண்ட் தரையில் முகம். தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். மீனு பாடையின் மேல் பாய்ந்து கிடக்கிறாள். "தாத்தா, நீச்சே! நீச்சே!" அவன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்துகிறாள். "மீனு, விடும்மா!" அவள் அம்மா இழுக்கிறாள். வெடி ஓயும்வரை அவள் விடவில்லை. அவன் பிணமாகக் கிடந்தான். நான் உயிரோடு கிடந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

போனவர்களைச் சொல்லிவிடுகிறேன். மலையில், அந்தப் பங்கரில் முருகேசன். அவனோடு ஹரியானாக்காரன் பல்வீர். தில்லியில் செல்லையா. நால்வரில் மிச்சம் நான். என் பாடை இறங்கும் நாளில் தெருவில் எவ்வளவு வெடித்தாலும் சரி, பாய்ந்து வந்து என் காதைப் பொத்த ஒரு ஜீவன் இல்லை.