ஆன்ட்டி வீட்டு ஆறு பந்துகள்

விவேக் நகர் பஸ்ஸில், கண்டக்டர் முன்னால் போகச் சொல்லி கன்னடத்தில் "முந்தே ஹோகி" என்று கத்தியும் நகராமல், கழுத்தில் விசில் தொங்கிய ஃபுட்பால் கோச் ஒருவர் என் முன்சீட்டுப் பெண்மணியிடம் குனிந்து சொன்னார்.

"ஆன்ட்டி, செமி ஃபைனல் ஜெயிச்சிட்டோம். எல்லாம் உங்களாலதான்."

"என்னாலயா? எங்க காம்பவுண்டுல விழுந்த பந்து ஒண்ணுகூட நான் திருப்பித் தந்ததில்லையே!"

"அதான் ஆன்ட்டி! தூக்கி அடிச்சா உங்க வீட்டுக்குப் போயிடும்னு பயந்தே பசங்க தரையோட பாஸ் பண்ணக் கத்துக்கிட்டாங்க. நேத்து எதிர் டீமுக்குப் பந்தே கிடைக்கல."

ஆன்ட்டி சிரித்துவிட்டார்.

"ஐயோ பாவம். ஆறு பந்து இருக்கு. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போப்பா."

கோச் பதறிப்போனார்.

"வேணாம் ஆன்ட்டி! ஞாயித்துக்கிழமை ஃபைனல். அதுவரைக்கும் பசங்க அழுதாக்கூடக் குடுத்துடாதீங்க!"