வேகத்தைக் குறைக்காத பெட்டி

நான் அடுத்தவர் தவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை. சுற்றிப் போக வழி இருந்தால் பேசாமல் சுற்றிப் போய்விடுவேன். அடுத்தவர் செய்த கருவியில் கோளாறு இருந்தால் அதைச் சுற்றிப் போக நிரல் எழுதுவதுதான் என் வேலையும். அலுவலகத்தில் என்னை வைத்தியர் என்று கூப்பிடுவார்கள்.

நாங்கள் செய்வது தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலோரம் வைக்கும் கண்காணிப்புப் பெட்டி. நோயாளியின் மூச்சு தடுமாறினால் அலறுவது அதன் வேலை. உள்ளே சாதாரணக் கணினிதான். அதன் மின்சுற்றுப் பலகையிலேயே குடியிருக்கும் சின்ன மென்பொருளை ஃபர்ம்வேர் என்போம். பிராசசர் எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்று அது சொல்லும், ஆபரேட்டிங் சிஸ்டம் தலையாட்டும். எங்களுக்கு வந்த ஃபர்ம்வேரில் ஒரு கோளாறு. கட்டிலை நகர்த்த பிளக்கைப் பிடுங்கினால், பேட்டரியை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைக்கச் சொல்லும். நியாயம்தான். ஆனால் திரும்பச் சொருகிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். அலறல் அரை நிமிடம் தாமதமாக வரும். பலகை செய்தவர்களுக்கு எழுதினோம். பார்க்கிறோம் என்றார்கள், பார்க்கவில்லை.

நான் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பதினான்கு வரி நிரல் எழுதினேன். வேகத்தைப் பற்றி ஃபர்ம்வேர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, அவ்வளவுதான் அதன் சாரம். எட்டு வருடம் பிசகில்லாமல் ஓடியது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

இந்த வருடம் வந்த பலகைகளில் அந்தக் கோளாறைச் சத்தமில்லாமல் சரிசெய்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் சோதனைப் பிரிவு அக்கா.

"வைத்தியரே, இந்தப் புதுப் பெட்டி பொய் சொல்லலை. நெஜமாவே சூடாகுது, அதான் வேகத்தைக் குறைக்கச் சொல்லுது. உங்க பதினாலு வரி கேக்க விடமாட்டேங்குது. கடைசில சத்தமே இல்லாம அணைஞ்சுபோகுது."

அவர் பெட்டியின்மேல் ஒரு போர்வையை மடித்து வைத்துச் சோதித்திருந்தார். எங்கள் விதிப்படி வெறும் பலகையை மேசையில் வைத்து, எதிரே விசிறியை ஓடவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். போர்வை வைக்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"எங்கயும் எழுதலை. எங்கப்பா படுத்திருந்தப்ப பத்து நாள் பக்கத்துல உக்காந்திருந்தேன். நர்ஸுங்க போர்வையை அதுமேலதான் வெப்பாங்க."

அக்கா சாப்பிடப் போன நேரத்தில் நானும் போர்வையை வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றாவது நிமிடம் திரை இருண்டது. போர்வையை மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. புதிய ஃபர்ம்வேராக இருந்தால் அதன் பேச்சைக் கேள் என்று ஒரே ஒரு வரி. ஆனால் திருத்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் என் பதினான்கு வரிகளைக் குறிப்பிட வேண்டும். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அக்கா பெயர் வரும்.

எங்கள் வழக்கப்படி, ஆட்சேபம் எழுப்பியவரே அதைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் வெளியே போகும். "விதிப்படி ஓட்டிப் பார்த்தேன்க்கா, ஒண்ணும் ஆகலை" என்றேன். அது உண்மை. விசிறிக்கு எதிரே ஓட்டியும் பார்த்திருந்தேன்.  "நீங்க சொன்னா சரி" என்று அக்கா கையெழுத்துப் போட்டார்.

பெட்டிகள் வெளியே போன மூன்றாவது வாரம் ஒரு மருத்துவமனையில் பெட்டி அணைந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. செவிலியர் வந்து பார்த்தபோது கட்டிலில் இருந்த பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார்.  அன்று மாலையே அந்த ஒரு வரியை எழுதி முடித்தேன்.

ஆனால் உடனே அனுப்பினால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். முதலில் கம்பெனி விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்ற கையெழுத்து யாருடையது என்று தேடினார்கள். அக்காவை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவர் பை எடுத்துக்கொண்டு என் மேசையைக் கடந்து போனார்.  எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் காலை திருத்தத்தை அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் சாவுக்கும் அந்தக் காலைக்கும் நடுவே பன்னிரண்டு நாள். அதில் இன்னும் இரண்டு கட்டில்களில் சாவு. ஒருத்தி பிரசவம் முடிந்து வந்தவள்.

இன்ஸ்பெக்டர், இதை நீங்கள் அடித்துக் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அந்த இருவரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முதலில் போன பெரியவரை மட்டும் சேர்க்காதீர்கள். அது ஃபர்ம்வேர் கோளாறு.