கன்னத்துக்குப் போட்ட ஊசி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும். அக்காளின் முடி கொட்டிய தலையில் துணிக்கட்டு, கன்னத்தில் புதுத் தையல்.

“கன்னத்துல ஊசி போட்டுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா?” தங்கை கத்தினாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

“மெதுவாப் பேசுடி.”

“ஏன் மெதுவாப் பேசணும்? ஸ்கேன்ல ரெண்டு கன்னமும் பளிச்சுனு தெரியுது. கேன்சர் மூஞ்சிக்கும் பரவிடுச்சோன்னு சதையை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க. பத்து நாளா வூட்ல ஒருத்தரும் ஒழுங்கா சோறு துன்னல. கடைசில பார்த்தா, பொண்ணு கல்யாணத்துக்காக கன்னம் உப்புறதுக்கு நீ ஏத்திக்கிட்ட மருந்து!”

“கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சுடி. போட்டோவுல அப்படியா நிக்கிறது?”

“போட்டுக்கோ, யார் வேணான்னா? டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்ன?”

“மாப்ள பக்கத்துலயே நின்னாரு.”

“அவருக்குத்தான் உன் நோய் தெரியுமே!”

“நோய்னா ஐயோ பாவம்னுவாங்க. அம்பது வயசுல மூஞ்சிக்கு ஊசின்னா என்னான்னுவாங்க?”

“அந்தப் பேச்சுக்குப் பயந்து, கன்னத்தையே வெட்டக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கியேக்கா!”