ஓர் எழுத்து வித்தியாசம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சாயாவில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. எதுவும் அளவோடு இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நீங்கள் பாலக்காட்டுக்காரர், தமிழ் புரியும் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன்.

பெயர் வைத்தீஸ்வரன். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீசில் டைப்பிங் வேலை. வீடு கொச்சங்காடியில், ஒரு குடோனுக்கு மேல். இரண்டே அறைகள். ஒன்று அம்மா விசாலாக்ஷிக்கு. மற்றது தங்கை மாளவிகாவின் அறை. அவள் கல்யாணமாகி இடக்கொச்சிக்குப் போன மறுவாரம் அதில் என் மேசையைப் போட்டேன். அதுவரை அடுக்களை ஜன்னலோரம், குக்கருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அல்லாடியவன் நான்.

சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை சின்னச் சின்ன மென்பொருள் துண்டுகள் எழுதுவேன். யாரும் கேட்டு எழுதுவதில்லை. மழை வரும்முன் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லும் துண்டு ஒன்று. போலந்துக்காரர் ஒருவர் அதை இணையத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்திவிட்டு நன்றி எழுதினார். எட்டு வருஷமாக ஆபீசில் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தமிழ் மட்டுமே வாசிப்பாள். மாளு படித்தது மலையாளம் மீடியம். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. போனில் பேசலாமே என்பீர்கள். அவள் புருஷன் ஸ்ரீநாத் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் பேச விடுவார். அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு துண்டு செய்தேன். மாளு மலையாள எழுத்தில் அடிப்பது அம்மாவின் போனில் தமிழ் எழுத்தில் வரும். அம்மாவின் பதில் மலையாள எழுத்தில் போகும். எழுத்துப்பிழையையும் அதுவே திருத்தும்: அகராதியில் இல்லாத சொல் வந்தால் மிக நெருக்கமான தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடும். நான் செய்தவற்றில் அதுதான் அழகானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜனவரியில் மாளு எழுதினாள்: “அவர் தினமும் என்னைத் தல்லறார்.” தல்லு என்றால் மலையாளத்தில் அடி, உங்களுக்குத் தெரியும். என் அகராதிக்குத் தெரியவில்லை. “தள்ளறார்” என்று திருத்திக் கொடுத்துவிட்டது. கல்யாணத்துக்கு அம்மா ஒரு தேக்கு ஊஞ்சல் கொடுத்திருந்தாள்.

“ஊஞ்சல்ல உக்கார வச்சுத் தள்ளறாராம்டா!” என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் ஆன பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தாள். உடனே பதில் எழுதினாள்: “கொடுத்து வச்சவடி நீ. வேண்டாம்னு மட்டும் சொல்லாதே.”

அந்தப் பதில் ஒரு பிழையுமில்லாமல் மாளுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மென்பொருளின் பதிவேட்டில் மாளு அடித்த அசல் சொல்லைப் பார்த்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. மென்பொருளைத் திருத்த ஒரு வரி போதும். பக்கத்து அறையில் அம்மா அதே செய்தியை எதிர்வீட்டு மாமிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வரியை எழுதவில்லை. வேறொன்று எழுதினேன்: மாளுவின் செய்திகள் முதலில் என் மேசையில் நிற்கும்; நான் பார்த்த பிறகே அம்மாவுக்குப் போகும்.

மார்ச்சில் வந்தது: “தினமும் வெளியில பூட்டிண்டு போறார்.” நல்ல தமிழ், மென்பொருள் திருத்த அதில் ஒன்றுமில்லை. பூ-வை எடுத்துவிட்டுக் கூ-வை நான்தான் கையால் போட்டேன். “தினமும் வெளியில கூட்டிண்டு போறார்.” ஓர் எழுத்துதான், மேடம். அம்மா அதற்கு, “நன்னா இருக்கு. நீ முரண்டு பிடிக்காம அவர் சொல்றபடி கேளு” என்று எழுதினாள். அம்மாவின் பதில்களில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. அது நியாயமில்லை.

ஒருமுறை மாளு எனக்கே எழுதினாள். “வைத்திண்ணா, நான் எழுதறதை அம்மா வாசிக்கறாளா?”

“தினமும் வாசிக்கறா” என்று பதில் போட்டேன். பொய் சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை, அம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது. “அம்மா, என்னை வந்து கூட்டிண்டு போங்கோ.” இதில் மாற்றத் தோதாக ஓர் எழுத்தும் அகப்படவில்லை. அதனால் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் அந்த வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தார் பூட்டை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூட்டியவர் ஸ்ரீநாத்; அவரைப் பிடித்துவிட்டீர்கள், சரிதான். தீக்குத் தப்பிய மாளுவின் போனையும் அம்மாவின் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என்னையும் கூப்பிட்டீர்கள். அதுவும் சரிதான். அம்மா எழுதிய பதில்களை வாசித்துக்கொண்டே மாளு அந்த வீட்டுக்குள் மூன்று மாதம் இருந்தாள் என்பதை நான் மறுக்கவில்லை.

“ஒரு வார்த்தை எழுதப்படாதோடா அவ? ஓடிப் போயிருப்பேனே” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மகள் போன சேதியை நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் இதயம் அதைத் தாங்கிக்கொண்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரணம் கேட்டீர்கள். அம்மாவின் உடல்நிலை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வியாழக்கிழமை, மாளு வந்தால் மேசையை எங்கே போடுவது என்று அடுக்களையை டேப் வைத்து அளந்து பார்த்தேன், அது உண்மை. ஃப்ரிட்ஜ் வந்துவிட்டதால் அங்கே இப்போது இடமில்லை, மேடம்.