தோள்மேல் மிஞ்சிய கை

இப்போதெல்லாம் யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. போனில் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது. என் ஒரே மகள் பட்டுவும் அப்படித்தான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் மேடம், எழுதுகிறேன். எனக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும், அதுவும் நாலாம் வகுப்புத் தமிழ். தமிழ் தெரிந்த ஆளை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஆனந்தவல்லிக்கு ஞாபகம் போக ஆரம்பித்து இரண்டு வருடம். குடும்பப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் பூ, பேர் எல்லாம் வைத்து ஆல்பம் பக்கங்களாகச் செய்து, பட்டு தான் இருக்கிற தளேகாவ் ஊரிலிருந்து வாராவாரம் போனில் அனுப்புவாள்.

"பிரிண்ட் போட்டு தினமும் அம்மாட்ட காட்டுங்கப்பா. அப்பத்தான் என்னைய மறக்க மாட்டா. தீபாவளிக்கு வருவேன். அம்மா வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

என்னை யாரும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் வெடிமருந்து ஃபேக்டரியில் உழைத்தவன், இங்கே கட்கியில் இரண்டு அறைக்குள் தனியாகக் கிடக்க வேண்டுமாம்.

பஜாரில் சுனில் கடையில்தான் பிரிண்ட். பட்டு இருக்கிற இடத்தையெல்லாம் அழித்துவிடச் சொன்னேன். "காகா, பொண்ணு போயிட்டாளா?" என்று இந்தியில் கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு டீ வாங்கிக் கொடுக்காமல் என்னை அனுப்பியதில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் ஆனந்தவல்லியின் தோள்மேல் பட்டுவின் கை மிஞ்சிவிட்டது.

"இது யாரு கை?"

"என் கைதான்."

"வளையல் கெடக்கே."

"அப்பப் போட்டிருந்தேன்."

நம்பிவிட்டாள். நான் சொல்வதை மட்டும் நம்புவாள்.

தினமும் காலையில் பக்கம் பக்கமாகக் காட்டினேன். நமக்குப் பிள்ளை கிடையாது என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அழவில்லை.

தீபாவளிக்குப் பட்டு வந்து அம்மா காலடியில் உட்கார்ந்தாள். "நர்ஸம்மா, ஊசி வேண்டாம்" என்றாள் ஆனந்தவல்லி. பட்டு தன் போனையும் என் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் உங்களிடம் வந்தாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனந்தவல்லி குழம்பக் கூடாது என்றுதான் செய்தேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன், அவளுக்குச் சாப்பாட்டு நேரம். வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்தேன். தட்ட மாட்டாள். வாசல் கதவை அலமாரி என்று சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.