பியூஸ் போடும் வரை அடிக்காத மணி

இருந்தவர்கள். அஸ்மி நானா, திகனையில் ரேடியோக் கடை வைத்திருப்பவர். சேவியர், என் தங்கை ஸ்டெல்லாவின் புருசன். அப்புறம் நான், அந்தோணி. கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற அறையில் இருக்கிறோம். அன்று வேலை இல்லை. பிள்ளைகளும் இல்லை.

மழை. தகரத்தில் கல் கொட்டுகிற சத்தம். பகல்தான். ஆனாலும் இருட்டு. நான் டார்ச் பிடித்திருக்கிறேன். நானா வயரைப் பற்றரியில் வைக்கிறார். "டிக்." வயர்லெஸ் செட்டில் விளக்கு வரவில்லை. கருகின வாடை.

"போச்சு," என்கிறார் நானா.

செட்டின் சொந்தப் பற்றரி காலையிலேயே தீர்ந்துவிட்டது. ஆட்டோ பற்றரியைக் கழற்றி வந்தோம். வயரெல்லாம் சேறு. எது சிவப்பு, எது கறுப்பு, தெரியவில்லை. மாறிவிட்டது.

ஹந்தானை மலையில், எங்கள் தோட்டத்தில், மூன்று நாளாக மழை. பாதை வளைவில் உடைந்து கிடந்தது. போன் செத்துவிட்டது. இந்த மாதிரி செட்டில் பேச லைசென்ஸ் வேண்டும். நானாவிடம் இருந்தது. முந்தின நாள் செட்டைத் தோளில் போட்டு, நடந்தே ஏறி வந்தார். டவுனில் அவர் கூட்டாளி ஒருவர் இன்னொரு செட்டோடு இருந்தார். மலை சரியுமா என்று பார்க்கிற அதிகாரிகள் அவரிடம் சொல்வார்கள். அவர் நானாவிடம் சொல்வார். நான் பெரட்டு மணியை அடிப்பேன். கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் மேலே சர்ச்சுக்கு வரும். அப்படித்தான் பேச்சு.

பெரட்டு மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிப்பது. இந்த அறை வாசலில் தொங்கியது. கை எட்டும்.

முந்தின நாள் ஒரு கல் உருண்டது. நான் யாரையும் கேட்காமல் அடித்தேன். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நனைந்து ஏறி வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஏசினார்கள். "அந்தோணிக்கு மணி கெடச்சா போதும், துரையாயிருவான்," என்றாள் ஸ்டெல்லா. எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் போனார்கள். லயத்து அறையை, காம்பராவை, பூட்டிப் போட்டு வந்தால் தோட்ட நிர்வாகம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இனி மேலிடத்திலிருந்து சொன்னால்தான் வருவோம் என்றார்கள். சரி என்றேன்.

சேவியர் சிகரட் பெட்டியைக் கிழிக்கிறான். உள்ளே இருந்த வெள்ளித் தாளை நீட்டுகிறான்.

"நானா, இத பழைய பியூஸுல சுத்திப் போடுங்க. எங்க வீட்டு லைட்டுக்கு இப்புடித்தான்."

"ஒங்கட வீடு எரியாம இரிக்கிறது அல்லாட காவல். செட்டு கருகினா பொறகு ஒன்டும் இல்ல, தம்பி."

நானா முதலில் பற்றரி வயரை விலக்கினார். கையைச் சாரத்தில் துடைத்தார். மூடியின் நாலு ஆணியையும் கழற்றினார். பியூஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பி அறுந்திருந்தது. பையில் வேறு பியூஸ்கள் இருந்தன. தலையில் பொடி எழுத்து. ஒவ்வொன்றாய் டார்ச்சுக்குக் காட்டினார்.

"மூன்டு நம்பர் வேணும். பத்து நம்பர வெச்சா பியூஸ் இரிக்கும், செட்டு இரிக்காது."

நான் எதையும் தொடவில்லை. சண்டைக் காலத்தில் இப்படி ஒரு செட் லயத்தில் கிடந்தால் ஆமி வந்து ஆளை ஏற்றிப் போகும். என் அப்பாவை இப்படி ஏற்றினார்கள். தொடக் கை வராது. டார்ச் மட்டும் பிடித்தேன்.

சேவியர் வாசலுக்கும் மேசைக்கும் நடக்கிறான்.

"மச்சான், மணிய அடி."

"தகவல் வரட்டும்."

"அடிடா!"

"நேத்து ஏசுனது பத்தாதா?"

அவன் என்னைப் பார்த்தான். சாக்கைத் தலையில் போட்டான். ஸ்டெல்லாவையும் மகளையும் கூட்டி வர இறங்கி ஓடினான்.

மூன்றாம் நம்பர் கிடைத்தது. நானா மெல்ல அமுக்கினார். மூடியைப் பூட்டினார். வயரைக் கழுவினார். சிவப்பு, கறுப்பு, இரண்டு தரம் பார்த்தார். வைத்தார். விளக்கு வந்தது. உடனே குரல்.

"நானா! எங்க போனீங்க! கீழ் லயத்துச் சனத்த எடுங்க! உடனே எடுங்க!"

நான் அடித்தேன். கை தோல் உரிய அடித்தேன். கீழ் லயத்தின் மேல்பக்கக் காம்பராக்களில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். எட்டுப் பேர்.

"ஓடுங்க! மேல ஓடுங்க!"

பிறகு சத்தம். நூறு லொறி ஒன்றாகக் கல் கொட்டுவது மாதிரி. பிறகு மழை மட்டும்.

செட் இரண்டு நாள் வேலை செய்தது. ஒரு தரமும் நிற்கவில்லை. அதில் பேசித்தான் ஆட்களும் மருந்தும் வந்தன. மண்ணுக்குள் இருந்து இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். வெள்ளித் தாள் சுற்றியிருந்தால் அவர்களும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானா செய்தது சரி. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் மணிக்குப் பியூஸ் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். யாருடைய தகவலும் வேண்டாம். நானா நம்பர் தேடின நேரம் முழுக்க அது என் பக்கத்தில் தொங்கியது. ஏச்சுக்குப் பயந்து நின்றேன். பாதருக்கும் சொன்னேன். கடவுள் மன்னிப்பார் என்றார். நான் கேட்டது அது இல்லை.

கீழ் லயத்தில் காம்பரா ஆறு. ஒன்றும் மிஞ்சவில்லை. கோழிகள், இரண்டு மாடு. சேவியர். ஸ்டெல்லா. அவர்கள் மகள் மெர்சி, ஆறு வயது. பக்கத்துக் காம்பரா முத்தையா, அவர் பெண்சாதி, மூன்று பிள்ளைகள். கடைசிக் காம்பரா சரோஜா, அவள் மாமியார், பேர் வைக்காத கைப்பிள்ளை.

பதினொரு பேர்.