பின்படி ஏறிய பன்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நீதிபதி அம்மா அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும் தலைமை எழுத்தர் ஐயா அவர்களே, வாதாடி வாதாடித் தொண்டை வறண்ட வழக்கறிஞர் பெருமக்களே, கோப்புகளோடு குடித்தனம் நடத்தும் அலுவலர்களே, வாசலில் நின்றபடி கேட்கும் காவலர் அண்ணன்மார்களே, வாய்தா வாய்தாவாக வந்து, காத்திருந்து காத்திருந்து கால் கடுத்துப்போன தாய்மார்களே, என்னை மேடையில் தள்ளிவிட்டுக் கதவோரம் நிற்கும் என் சித்தி அவர்களே, உங்கள் அனைவருக்கும் நீதிமன்றச் சிற்றுண்டிச் சாலையில் தேநீர் ஆற்றுகிறவளின் வணக்கம்.

"சத்தமா பேசும்மா" என்கிறார் கடைசி வரிசை அண்ணன். இதுதான் அண்ணே என் சத்தம். இதற்கு மேல் ஏறாது. நீங்கள்தான் கொஞ்சம் முன்னால் வர வேண்டும்.

சிரிப்பு வெண்பா சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். பரிசாக ஒரு கேடயமும் மேசைமேல் இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், சித்தியின் கடைக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. நான் பள்ளிக்குப் போன கடைசி வாரத்தில் வாத்தியார் நடத்திய பாடம் வெண்பா. மற்றப் பாடமெல்லாம் பள்ளியிலேயே தங்கிவிட்டன. நேரும் நிரையும் மட்டும் என் பின்னாலேயே கடைக்கு வந்துவிட்டன.

வந்தவை சும்மா இருக்குமா? கேட்கிற சொல்லையெல்லாம் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தன. காப்பி தேமா. பிஸ்கட் தேமா. எலுமிச்சையைப் பிய்த்தால், நம்ப மாட்டீர்கள், புளிமாங்காய். அட, இதற்கே சிரிக்கிறீர்களே. இலக்கண வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

விலைப்பலகையின் அடியில் இரண்டு வரிக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஒருநாள் அங்கே சாக்பீஸால் எழுதினேன்.

ஊறிய பிஸ்கட் உடைந்ததே தேநீரில்
சேறெனச் சொன்னார் சிலர்.

அன்று பிஸ்கட் விற்ற மாதிரி என்றுமே விற்றதில்லை. அதற்குப் பிறகு தினம் ஒரு குறள் வெண்பா. வழக்கு தோற்றவரும் படித்தார், வென்றவரும் படித்தார். தட்டச்சர் அண்ணன் மட்டும் படிக்க மாட்டார், விரலால் மேசையில் தட்டிப் பார்ப்பார். தட்டி முடித்து, "சரி, நிக்குது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எழுதினேன். வாய் திறந்து நாலு பேரிடம் பேசப் பயப்படுகிறவளுக்கு, பலகை ஒரு வாய்.

அந்த வாயால் நான் செய்த ஒன்றைச் சொல்லத்தான் இன்று வந்தேன். சிரிப்பு இத்தோடு போதும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஒரு பெரியம்மா கடைக்கு வருவார். ஒரு பன் வாங்குவார். தின்ன மாட்டார். காகிதத்தில் சுற்றி, முந்தானைக்குள் வைத்து, கட்டடத்தின் பின்படியில் ஏறிப் போவார். வெறுங்கையோடு இறங்கி வருவார். அப்படி அவர் வந்த ஒரு வியாழக்கிழமை அவரைப் பற்றி எழுதினேன். முதலில் எழுதியது இது:

பன்னொன்று வாங்கிப் பதுக்கும் பெரியம்மா
தின்னாமல் எடுத்துப் போறார்.

தட்டச்சர் அண்ணன் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டாவது அடி நொண்டுதே பாப்பா. தளை தட்டுது."

"கடைசிச் சீரும் உதைக்குது அண்ணே. என்ன போடலாம்?"

"நீதான கவிஞர்? நான் சும்மா மேசை தட்டுற ஆளு."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் துடைத்துவிட்டு மாற்றினேன்.

பன்னொன்று வாங்கிப் பதுக்கும் பெரியம்மா
பின்படி ஏறுவ தேன்?

பன் என்று தொடங்கினால் பின் என்று வருகிறது. எதுகை வந்துவிட்டது, மோனை வந்துவிட்டது, ஏன் என்று ஒரே அசையில் முடிந்தும்விட்டது. அண்ணன் தட்டினார். "நிக்குது பாப்பா. தூண் மாதிரி நிக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்படி எது என்று எனக்குத் தெரியாதா? சிறையிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போகும் வழி அது என்று இந்தக் கட்டடத்துப் பூனைக்கும் தெரியும். பெரியம்மா அங்கே யாருக்காகப் போகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தளை தட்டுகிறதா என்று பார்த்தேன். ஒரு தாய்க்கு என்ன தட்டும் என்று பார்க்கவில்லை.

பதினொரு மணிக்குத் தலைமை எழுத்தர் ஐயா தேநீர் குடிக்க வந்தார். பலகையைப் படித்துச் சிரித்தார்.

"பின்படியா? அங்க எதுக்கும்மா போறாங்க?"

"தெரியாது சார். சும்மா பாட்டு."

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஒரு எட்டு பார்த்துட்டு வரேன்."

பாதி தேநீர் டம்ளரிலேயே இருந்தது. ஐயா போனார், பார்த்தார். படிகளுக்கு நடுவே இருக்கும் திருப்பத்தில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், கையில் விலங்கோடு பன் தின்றுகொண்டிருந்தான். ஒரு காவலர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். பெரியம்மா மகனின் சட்டையில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான் குற்றம். பதினொரு மாதமாக நடந்து வந்த குற்றம். அன்றே பின்படிக் கதவுக்குப் பூட்டு வந்தது. அந்தக் காவலருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது அவர் என் கடை வழியாகத்தான் போனார். தேநீர் குடிக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவும் இல்லை.

ஐயா, உங்கள்மேல் நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு விதிப் புத்தகம் இருக்கிறது, அதன்படி செய்தீர்கள். என்னிடம் என்ன புத்தகம் இருந்தது? கடைசிச் சீர் ஓரசையில் முடிய வேண்டும் என்று இருந்தது. அதற்காக ஒரு கேள்வி கேட்டேன். ஏன் என்று கேட்டேன். பாட்டில்தானே கேட்டோம் என்று நினைத்தேன். இது நீதிமன்றம், இங்கே கேட்ட கேள்விக்கு யாராவது பதில் தேடிப் போவார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

அடுத்த வாய்தாவுக்குப் பெரியம்மா வந்தார். பன் வாங்கவில்லை. ஒரு எலுமிச்சைச் சாறு கேட்டார். கொடுத்தேன். பலகையைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு எழுதினது யாரும்மா?"

"நான்தான் பெரியம்மா."

டம்ளரைக் கீழே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லா இருந்துச்சுடி. என் மகனுக்கு இப்படிப் பாட்டுன்னா உசிரு. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். அவன்கிட்டச் சொல்லத்தான் வழி இல்ல."

அன்று முதல் பலகையில் விலை மட்டும்தான் எழுதுகிறேன். "ஏன் பாப்பா, சரக்கு தீர்ந்து போச்சா?" என்று கேட்கிறீர்கள். சரக்கு தீரவில்லை அண்ணே. கை வரவில்லை.

பூட்டு விழுந்து ஐந்து வாய்தா போய்விட்டன. சிறையில் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தப் பையனை வண்டியில் ஏற்றுகிறார்கள். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு கொண்டுபோய் இறக்குகிறார்கள். நடுவில் அவன் இங்கே இருக்கிறான், நான் தேநீர் ஆற்றும் இடத்துக்கு நேர் மேலே. கீழே தட்டு நிறையப் பன். மேலே வெறும் வயிறு. நடுவில் பதினெட்டுப் படி. அந்தப் பதினெட்டுப் படியை அடைத்தது யார்? பூட்டா? விதியா? என் இரண்டு வரி. ஏழு சீர். சிரிக்கச் சிரிக்க எழுதிய ஏழு சீர்.

தீர்ப்பு வராதவன் குற்றவாளியா? குற்றவாளியே ஆனாலும் அவனுக்குப் பசிக்காதா? பசித்தவனுக்குப் பெற்றவள் ஊட்ட ஒளிந்து ஒளிந்துதான் ஏற வேண்டுமா?

"விதி இருக்கேம்மா" என்று ஐயா மெல்லச் சொல்கிறார். இருக்கிறது ஐயா. அதில் இன்னும் ஒரு வரி எழுத இடமும் இருக்கிறது. பின்படி வேண்டாம். முன்வாசலில், எல்லார் கண் முன்னாலும் கொடுக்கட்டும். காவலர் பன்னைப் பிய்த்துச் சோதிக்கட்டும். பெயரை எழுதிக்கொள்ளட்டும். ஐந்தே நிமிடம். அந்த ஒரு தாய்க்கு மட்டுமில்லை, வாய்தாவுக்கு வரும் எல்லாத் தாய்க்கும்.

நீதிபதி அம்மா, கேடயம் மேசையிலேயே இருக்கட்டும். அதை வாங்க எனக்குக் கை நீளாது. அதற்குப் பதிலாக இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். மனு எழுத எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு நாலு பேரிடம் கேட்டுக் கேட்டு நானே எழுதினேன். இதில் எதுகை இல்லை, மோனை இல்லை. ஐந்து வரி இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை பெரியம்மா வருவார்.

இதோ, நானே கொண்டு வந்து தருகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. கை தட்ட வேண்டாம், அம்மா படித்துக்கொண்டிருக்கிறார். வணக்கம்.